முப்பத்தைந்து மணி நேரம்

1950களின் நடுவில் லண்டன் மனநல மருத்துவமனைகளின் கதவுகள் மெல்லத் திறக்கத் தொடங்கின. குளோர்புரோமசின் மருந்து வந்து சில ஆண்டுகளே ஆகியிருந்தன. காலமெல்லாம் உள்ளேயே கிடப்பார்கள் என்று கைவிடப்பட்ட மனச்சிதைவு நோயாளிகள் பலர் தேறி வீட்டுக்குப் போனார்கள். போனவர்களில் ஒரு பகுதியினர் சில மாதங்களிலேயே நோய் முற்றித் திரும்பி வந்தார்கள். யார் திரும்பி வருகிறார்கள், யார் நிலைத்துவிடுகிறார்கள் என்பது மருத்துவர்களுக்கே பிடிபடவில்லை. ஜார்ஜ் பிரவுன் என்ற இளம் ஆய்வாளர் இந்தக் கேள்வியைக் கையில் எடுத்தார். அவர் மருத்துவர் அல்லர், சமூகவியல்காரர். அதனாலேயோ என்னவோ, மருத்துவமனையிலிருந்து கிளம்பியவர் யார் வீட்டுக்குப் போனார் என்பதையும் அவர் குறித்துவைத்தார்.

1958இல் வெளியான முடிவு பலரைத் திகைக்க வைத்தது. பெற்றோரிடமோ மனைவியிடமோ போனவர்கள்தான் அதிகம் திரும்பி வந்திருந்தார்கள். அண்ணன் தங்கை வீட்டுக்கோ வாடகை அறைக்கோ போனவர்கள் அவர்களைவிட நன்றாக இருந்தார்கள்.

பெற்ற தாயைவிட முன்பின் தெரியாத வீட்டுக்காரம்மா மேலா? பிரவுன் அப்படி அவசரப்பட்டு முடிவு கட்டவில்லை. நெருக்கமான வீடுகளுக்குள் என்ன நடக்கிறது என்று பார்க்க ஒரு வழி தேடினார். அவரும் மைக்கேல் ரட்டரும் சேர்ந்து உருவாக்கிய பேட்டி முறை, பிற்பாடு லண்டனின் கேம்பர்வெல் பகுதியின் பெயரால் வழங்கலாயிற்று. நோயாளி இல்லாத நேரத்தில் உறவினரைத் தனியாக உட்காரவைத்துப் பேசச் சொல்வார்கள். பேச்சு முழுவதும் ஒலிநாடாவில் பதிவாகும். பிறகு அதைத் திரும்பத் திரும்பக் கேட்டு மதிப்பெண் போடுவார்கள். சொன்ன சொல்லுக்கு இருந்த அதே எடை, அதைச் சொன்ன குரலுக்கும் உண்டு. “என்ன பண்றது, அவன் அப்படித்தான்” என்பதை அலுப்போடும் சொல்லலாம், கரிசனத்தோடும் சொல்லலாம். குறை கூறல், பகைமை, அளவுக்கு மீறிப் பொத்திப் பொத்தி வளர்த்தல் ஆகிய மூன்றும் முக்கியமாக எண்ணப்பட்டன. இவை மிகுந்த வீட்டை ‘வெளிப்படும் உணர்ச்சி மிகுந்த வீடு’ என்று வகைப்படுத்தினார்கள்.

1972இல் பிரவுன், பர்லி, விங் மூவரும் 101 நோயாளிகளை ஒன்பது மாதம் பின்தொடர்ந்த ஆய்வை வெளியிட்டார்கள். உணர்ச்சி மிகுந்த வீடுகளுக்குப் போனவர்களில் 58 விழுக்காட்டினருக்கு நோய் திரும்பியது. அமைதியான வீடுகளில் அது 16 விழுக்காடுதான். நான்காண்டு கழித்து கிறிஸ்டின் வானும் ஜூலியன் லெஃபும் புதிய குடும்பங்களைச் சேர்த்து, பழைய தரவோடு இணைத்துப் பார்த்தபோது இன்னொரு எண் மேலெழுந்தது. உணர்ச்சி மிகுந்த வீட்டிலேயே இருந்தாலும், அந்த உறவினரோடு முகத்துக்கு முகம் கழியும் நேரம் வாரத்துக்கு 35 மணிக்குக் குறைவாக இருந்தால் 28 விழுக்காட்டினருக்கே நோய் திரும்பியது. 35ஐத் தாண்டினால் 69 விழுக்காடு.

இந்த அத்தியாயத்தில் எனக்கு முக்கியமானது அந்த முப்பத்தைந்துதான். ஆய்வாளர்கள் அதை நோயாளியின் கணக்காகவே எழுதினார்கள். அதே 35 மணி நேரம் எதிரே உட்கார்ந்திருக்கும் தாய்க்கும் ஓடுகிறது என்பதைப் பேச ஆளில்லை.

பேசாததற்கு ஒரு வரலாறு உண்டு. 1948இல் அமெரிக்க உளமருத்துவர் ஃப்ரீடா ஃப்ரோம்-ரைக்மன், மனச்சிதைவைப் பிள்ளையிடம் உண்டாக்கும் தாய் என்றொரு கருத்தை முன்வைத்தார். 1956இல் கிரெகரி பேட்சனும் அவர் குழுவினரும் கலிஃபோர்னியாவிலிருந்து இன்னொரு கோட்பாட்டோடு வந்தார்கள்: தாய் ஒரே மூச்சில் ‘வா’ என்றும் ‘வராதே’ என்றும் சொல்லிக் குழந்தையைக் குழப்புகிறாள், அதிலிருந்து நோய் பிறக்கிறது. இரண்டுக்கும் பின்னால் வலுவான ஆதாரம் எதுவும் நிற்கவில்லை. ஆனாலும் ஒரு தலைமுறைத் தாய்மார்கள் மருத்துவரின் அறையில் குற்றவாளியாகவே உட்கார்ந்தார்கள். அந்தச் சூட்டோடு வெளிவந்ததால் லண்டன் ஆய்வும் ‘குடும்பம்தான் கெடுக்கிறது’ என்பதன் புதிய பதிப்பாகப் பலர் கண்ணில் பட்டது. நோயாளிகளின் குடும்பங்கள் அதை வெறுத்ததில் வியப்பில்லை.

உண்மையில் அந்த ஒலிநாடாக்களில் பதிவானது கெட்ட குணமா, களைப்பா? பின்னால் வந்தவர்கள் அதைத்தான் தோண்டினார்கள். உறவினர்கள் எதைப் பற்றிக் குறை சொல்கிறார்கள் என்று வகை பிரித்தபோது, மாயக் குரல்கள் கேட்பதையும் யாரோ பின்தொடர்வதாக அஞ்சுவதையும் அதிகம் பேர் குறையாகச் சொல்லவில்லை என்று தெரிந்தது. அவை நோய் என்று எவருக்கும் புரிகிறது. கோபம் பெரும்பாலும் வேறொன்றின் மேல் குவிந்திருந்தது. நம் ஊர் வீட்டுக் குரலில் சொன்னால் இப்படி இருக்கும்: “மணி பதினொண்ணாச்சு, இன்னும் படுத்திருக்கான். குளிச்சு மூணு நாளாச்சு. ஒரு வார்த்தை கேட்டா பதில் கிடையாது. சோத்துக்கு மட்டும் கரெக்டா வந்து உக்காந்துடுறான்.”

மனச்சிதைவுக்கு இரண்டு முகங்கள். இல்லாத குரல் கேட்பது, இல்லாத சதியைக் காண்பது எல்லாம் ஒரு முகம். இன்னொன்றில் எதுவும் கூடுவதில்லை, இருந்தவை குறைகின்றன. ஒரு வேலையைத் தொடங்கும் உந்துதல், நாளைக்கு நடக்கப்போவதை எண்ணி இன்றைக்கே வரும் ஆவல், முகத்தில் ஓடும் உணர்ச்சி, பேச்சின் நீளம். மருத்துவர்கள் இவற்றை எதிர்மறை அறிகுறிகள் என்பார்கள். இன்றைய மருந்துகள் முதல் முகத்தை நன்றாகவே அடக்குகின்றன, இரண்டாவதை அவ்வளவாகத் தொடுவதில்லை. சில மருந்துகள் தரும் தூக்கமும் மந்தமும் அதன்மேல் ஏறி உட்கார்கின்றன. விளைவைப் பாருங்கள். மூன்று மாதச் சிகிச்சையில் பலருக்குக் குரல்கள் நின்றுவிடுகின்றன. வீட்டார் கண்ணில் நோய் போய்விட்டது. மிச்சம் இருப்பது படுக்கை, அழுக்குச் சட்டை, மௌனம். அதற்கு அவர்களிடம் தயாராக ஒரு பெயர் இருக்கிறது: சோம்பேறித்தனம். “தண்டச்சோறு” என்று அப்பா கத்துவது, நோய் தணிந்த பிறகுதான் பெரும்பாலும் தொடங்குகிறது.

ஜில் ஹூலி என்ற உளவியலாளர் இதையே கோட்பாடாக்கினார். குறை சொல்லும் உறவினர்கள் மற்றவர்களைவிட இரக்கம் குறைந்தவர்கள் அல்லர். ‘அவன் நினைத்தால் மாற்றிக்கொள்ளலாம்’ என்று அவர்கள் நம்புகிறார்கள். இந்த நம்பிக்கை இருக்கும்வரை ஒவ்வொரு காலையும் ஓர் அவமதிப்பாகவே தெரியும்: வேண்டுமென்றே எழாமல் கிடக்கிறான், வேண்டுமென்றே என்னை வதைக்கிறான். பராமரிப்பவரின் நெஞ்சை அரிப்பதில் பெரும் பங்கு இந்த ‘வேண்டுமென்றே’வுக்கு உண்டு என்பது என் துணிபு. உடல் வேலை அடுத்தபடிதான்.

ஆகவே நோயைப் பற்றிச் சொல்லிக் கொடுப்பதே பராமரிப்பவருக்கான முதல் சிகிச்சையாகிறது. பரபரப்பான புறநோயாளிப் பிரிவில் ஒரு குடும்பத்துக்குக் கிடைப்பது சில நிமிடங்கள். அதில் மாத்திரைச் சீட்டு எழுதவே நேரம் சரியாக இருக்கும். எழாமல் கிடப்பதும் நோய்தான் என்ற ஒரு வரி விட்டுப்போகிறது. விட்டுப்போன அந்த வரிக்காக ஒரு குடும்பம் பத்து வருடம் சண்டை போடுகிறது.

மற்றொரு வகை வீடு சத்தம் போடாது. முப்பது வயது மகனுக்குச் சோறு பிசைந்து கொடுக்கும் அம்மா, அவன் கழிப்பறையில் இரண்டு நிமிடம் கூடுதலாக இருந்தால் கதவைத் தட்டும் அம்மா, அவனுக்காக உறவினர் கல்யாணங்களையெல்லாம் விட்டவர். பேட்டி முறையில் இவருக்கும் மதிப்பெண் ஏறும். தியாகத்துக்கு மதிப்பெண் போட்டுத் தண்டிப்பதா என்று நம் மனம் எதிர்க்கிறது. இங்கே ஊர் வழக்கத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும். லண்டனில் அளவுக்கு மீறியதாகத் தெரிவது மதுரையில் சாதாரண அம்மாத்தனம். மதிப்பெண் எப்படியானாலும், இந்த அம்மாதான் எல்லோருக்கும் முன்னால் ஒடிந்துபோகிறவர் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

1979இல் டாரியர் என்ற ஆய்வாளரும் லெஃப் குழுவினரும் நோயாளிகளின் வீட்டுக்கே கருவிகளோடு போனார்கள். விரல்களில் மின்முனைகளைப் பொருத்தித் தோலின் வியர்வை மாற்றத்தை அளந்தார்கள். உடல் உள்ளுக்குள் எவ்வளவு பதறுகிறது என்பதை அது காட்டும். உறவினர் அறையில் இல்லாதபோது எல்லா நோயாளிகளும் பதற்றமாகவே இருந்தார்கள். குறை சொல்லும் உறவினர் உள்ளே வந்ததும் அந்தப் பதற்றம் அப்படியே நீடித்தது. அமைதியான உறவினர் வந்து உட்கார்ந்ததும் அது இறங்கத் தொடங்கியது. குறை சொல்பவர் தீங்கு செய்கிறார் என்றே இதுவரை பேசிவந்தார்கள். ஒருவர் சும்மா பக்கத்தில் இருப்பதே மருந்தாக வேலை செய்யும் என்பது இந்தப் பரிசோதனையின் மறுபக்கம். அப்படி இருக்க, அவர் முந்தைய இரவு தூங்கியிருக்க வேண்டும்.

இந்தியப் பக்கம் வருவோம். 1980களில் உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வோடு ஒட்டி, சண்டிகரில் என்.என்.விக் தலைமையில் இதே பேட்டி முறை பயன்படுத்தப்பட்டது. லண்டனில் ஏறத்தாழ பாதி உறவினர்கள் உணர்ச்சி மிகுந்தவர்கள். சண்டிகரில் நான்கில் ஒருவர்கூட இல்லை. கூட்டுக் குடும்பத்தின் பெருமை என்று இதை எடுத்துக்கொண்டு ஆனந்தப்பட்டவர்கள் உண்டு. எனக்கு அதில் பெருமையைவிடக் கணக்குதான் தெரிகிறது. பத்துப் பேர் இருக்கும் வீட்டில் எந்த ஒருவருக்கும் 35 மணி நேரம் சேராது. பெரியப்பா கொஞ்ச நேரம், அத்தை கொஞ்ச நேரம், மீதி நேரம் வயல். அந்த வீடு இன்று எங்கே இருக்கிறது? இரண்டு படுக்கையறை அடுக்குமாடி வீட்டில், மகள் அமெரிக்காவில் இருக்க, எழுபதைத் தாண்டிய பெற்றோரும் நாற்பது வயது மகனும் நாள் முழுக்க ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

மேலை நாட்டில் தாயைக் குற்றம் சாட்டிக்கொண்டிருந்த அதே பத்தாண்டில், இங்கே இருவர் தலைகீழான காரியம் செய்தார்கள் என்பதைச் சொல்லாமல் போகக் கூடாது. அமிர்தசரஸ் மனநல மருத்துவமனையில் டாக்டர் வித்யா சாகர், வளாகத்துக்குள்ளேயே கூடாரங்கள் அடித்து நோயாளிகளின் குடும்பங்களை வந்து தங்கச் சொன்னார். ஆள் பற்றாக்குறை ஒரு காரணம்தான். கூடத் தங்கியவர்கள் நோய் ஏறி இறங்குவதைக் கண்ணால் பார்த்தார்கள், மற்றக் குடும்பங்களோடு பேசினார்கள், பயம் தெளிந்து வீட்டுக்குக் கூட்டிப்போனார்கள். வேலூரில் டாக்டர் ஃப்ளாரன்ஸ் நிக்கல்ஸ் 1957இல் தொடங்கிய சி.எம்.சி. மனநல மையத்தில், நோயாளியோடு ஒரு குடும்ப உறுப்பினரும் தங்க வேண்டும் என்பதே விதியாயிற்று. அந்த மையம் இருக்கும் பாகாயத்தில் இன்றும் அதே நடைமுறைதான்.

பராமரிப்பவரின் உடலில் என்ன நடக்கிறது? மனநோய் வீடுகளில் மட்டும் செய்த பெரிய உடலியல் ஆய்வுகள் குறைவு, மறதி நோயாளிகளைப் பார்ப்பவர்களிடம் செய்தவை நிறைய. இரண்டுக்கும் பொதுவான அம்சம், முடிவு தெரியாத காவல். 1995இல் ஓஹையோவில் ஜானிஸ் கீகோல்ட்-கிளேசர், மறதி நோயுள்ள உறவினரைக் கவனித்துவந்த 13 பெண்களின் கையில் 3.5 மில்லிமீட்டர் அகலமுள்ள சிறு காயம் ஏற்படுத்தி, அது ஆற எத்தனை நாளாகிறது என்று பார்த்தார். அதே வயதுள்ள மற்ற 13 பெண்களோடு ஒப்பிட்டால், சராசரியாக ஒன்பது நாள் தாமதம். ஓயாத மன அழுத்தத்தில் சுரக்கும் கார்ட்டிசோல் போன்ற ஹார்மோன்கள், காயத்தை ஆற்ற வரும் நோயெதிர்ப்பு அணுக்களின் வேலையை மந்தமாக்குகின்றன.

1999இல் வந்த ரிச்சர்ட் ஷுல்ஸ், ஸ்காட் பீச் ஆய்வு இன்னும் முக்கியமானது. வாழ்க்கைத் துணையைப் பராமரித்த முதியவர்களை நான்காண்டு பின்தொடர்ந்தார்கள். பராமரிப்பு தன்னை அழுத்துகிறது என்று சொன்னவர்களின் இறப்பு வீதம், பராமரிப்புப் பொறுப்பு இல்லாதவர்களைவிட 63 விழுக்காடு அதிகம். பராமரித்தும் அழுத்தத்தை உணராதவர்களிடம் அப்படியொரு ஏற்றம் தெரியவில்லை. வேலை கொல்வதில்லை, அதன் பாரம் பிரியாமல் ஒரே தோளில் கிடப்பதுதான் கொல்கிறது என்று நான் இதைப் படிக்கிறேன்.

ஒரே தோள் என்பது தமிழ்நாட்டில் பெரும்பாலும் ஒரு பெண்ணின் தோள். அப்பாவுக்கு டீக்கடை உண்டு, நடைப்பயிற்சி உண்டு. அம்மாவுக்கு அடுக்களையைத் தாண்டினால் கூடம்தான், கூடத்தில் மகன் இருக்கிறான். கணவனுக்கு நோய் வந்தால் மனைவி இருந்து பார்த்துக்கொள்கிறாள். மனைவிக்கு வந்தால் அவளைத் தாய்வீட்டில் விட்டுவிடுகிறார்கள், ஜீவனாம்சம் பற்றிப் பேச்சில்லை. சென்னையில் ஸ்கார்ஃப் நிறுவனத்தின் ஆர்.தாராவும் சக ஆய்வாளர்களும், மணவாழ்க்கை முறிந்த மனச்சிதைவுப் பெண்களைப் பற்றி 2003இல் வெளியிட்ட ஆய்வு இந்த நிலையை நுணுக்கமாகப் பதிவு செய்தது. “கல்யாணம் பண்ணி வெச்சா எல்லாம் சரியாயிடும்” என்ற அறிவுரையின் முழுச் செலவையும் கடைசியில் ஏற்பவர்கள், அந்தப் பெண்ணின் வயதான தாயும் தந்தையும்தான்.

சரி, என்ன செய்யலாம்? லெஃபின் குழு 1982இல் வெளியிட்ட சோதனையிலிருந்து தொடங்கலாம். உணர்ச்சி மிகுந்த 24 குடும்பங்கள். எல்லா நோயாளிகளும் மருந்து எடுத்துக்கொண்டார்கள். பாதிக் குடும்பங்களுக்கு மட்டும் கூடுதலாகச் சில ஏற்பாடுகள்: வீட்டுக்கே வந்து நோயைப் பற்றி விளக்கம், குடும்பத்தோடு உட்கார்ந்து பேச்சு, உறவினர்களுக்கு மட்டுமான கூட்டம். கூட்டத்தில் ஒரு தந்திரம் இருந்தது. குறை சொல்லும் உறவினர்களையும் அமைதியான வேறு வீடுகளின் உறவினர்களையும் கலந்து உட்காரவைத்தார்கள். கோபத்தை எப்படி விழுங்குவது என்று மருத்துவர்களுக்கு எப்படித் தெரியும்? அமைதியான வீட்டு அம்மாவுக்குத்தான் தெரியும். ஒன்பது மாத முடிவில், மருந்து மட்டும் பெற்ற குழுவில் பாதிப் பேருக்கு நோய் திரும்பியது. கூடுதல் ஏற்பாடுகள் பெற்ற குழுவில் பத்தில் ஒருவருக்கும் குறைவு. சிறிய சோதனைதான். பிறகு பல நாடுகளில் நடந்த பெரிய சோதனைகளில் வித்தியாசம் இவ்வளவு பெரிதாக வரவில்லை, திசை மட்டும் மாறவில்லை.

அந்தக் கூட்டங்களிலிருந்தும், நம் ஊர் மனநல சமூகப் பணியாளர்களிடமிருந்தும் கிடைத்த சில நடைமுறைகள்.

மாத்திரைச் சண்டை. மனச்சிதைவு உள்ளவர்களில் பலருக்குத் தாம் நோயாளி என்ற உணர்வே வராது, அதுவும் நோயின் ஒரு கூறு. “எனக்கு ஒண்ணும் இல்ல, நீ போட்டுக்கோ” என்பது திமிர் அல்ல. அதனால்தான் காபியிலும் தோசை மாவிலும் மாத்திரையைப் பொடித்துக் கலக்கும் வழக்கம் இங்கே பரவிக்கிடக்கிறது. அதைச் செய்யும் அம்மாவை எனக்குக் குறைகூற மனம் வரவில்லை. ஆனால் அவர் கண்டுபிடிக்கப்படும் நாள் வரும், ‘எனக்கு விஷம் வைக்கிறார்கள்’ என்ற மகனின் அச்சத்துக்கு அன்று ஆதாரமே கிடைத்துவிடும். அந்த வீட்டில் தினம் மூன்று வேளை நடுக்கம். ஃப்ளூஃபெனசின் டெக்கனோயேட் போல, இரண்டு வாரத்துக்கோ மாதத்துக்கோ ஒருமுறை போடும் ஊசிகள் உண்டு. மருத்துவரிடம் வெளிப்படையாகப் பேசி, நோயாளியையும் இணங்க வைத்து அதற்கு மாற முடிந்தால், தினசரிச் சண்டை மாதத்துக்கு ஒன்றிரண்டாகச் சுருங்கும். ஊசியை நோயாளியின் நன்மைக்காகவே பரிந்துரைக்கிறார்கள். அம்மாவின் நிம்மதி என்று ஒரு காரணமும் உண்டென்று நான் சேர்த்துச் சொல்வேன்.

பேச்சு. பக்கத்தில் தொலைக்காட்சியில் சீரியல் உச்ச ஒலியில் ஓடும்போது ஒருவர் உங்களிடம் ஐந்து வேலைகளை அடுக்கிச் சொன்னால் எத்தனை மனதில் நிற்கும்? குரல்கள் கேட்கும் மூளைக்கு எந்நேரமும் அப்படித்தான். “எழுந்து குளிச்சிட்டு, சட்டைய மாத்திட்டு, கடைக்குப் போய்ட்டு வா, எத்தன தடவ சொல்றது” என்பதில் கடைசிப் பகுதி மட்டும்தான் போய்ச் சேரும். ஒரு நேரத்தில் ஒரு வேலை, சின்ன வாக்கியம், சாதாரணக் குரல். “தண்ணி சூடா இருக்கு, குளிச்சிடு” என்பது போதும். செய்யாவிட்டால் அரைமணி கழித்து இன்னொரு முறை. குளிக்காத ஒரு நாளால் யாரும் கெட்டுப்போவதில்லை.

பக்கத்து வீட்டுக்காரர் சூனியம் வைக்கிறார் என்று சொல்லும்போது வாதாடி வென்றவர் யாரும் இல்லை. ஆமாம் போடவும் வேண்டாம். “உனக்குப் பயமா இருக்குன்னு தெரியுது” என்பது பொய்யும் இல்லை, வாதமும் இல்லை. கை ஓங்கும் அளவுக்குப் போனால், விளக்கம் சொல்லாமல் அறையைவிட்டு வெளியே வந்துவிடுவதே சரி.

முன்னறிகுறி. நோய் முற்றுவதற்குச் சில நாளோ சில வாரமோ முன்பே ஒவ்வொருவரிடமும் சில மாற்றங்கள் வரும், ஒருவருடையது மற்றவருக்கு ஒத்துப்போகாது. ஒருவர் தூக்கத்தைக் குறைப்பார், ஒருவர் திடீரென்று கோயில் கோயிலாகப் போவார், ஒருவர் ஜன்னலை அடைத்தே வைப்பார். இருமுனைக் கோளாறில் தூக்கமின்றியே சுறுசுறுப்பாக இருப்பது பெரும்பாலும் முதல் மணி. முந்தைய முறை என்ன நடந்தது என்று வீட்டார் சேர்ந்து உட்கார்ந்து, நான்கைந்து அடையாளங்களை எழுதி நாட்காட்டிக்குப் பின்னால் ஒட்டிவைத்தால், மற்ற நாட்களில் ஒவ்வொரு இருமலுக்கும் பதற வேண்டியதில்லை. அந்தத் தாளின் பெரிய பயன், எதற்கெல்லாம் பயப்படத் தேவையில்லை என்று சொல்வதுதான்.

பிறகு அந்த 35 மணி. பகல்நேரப் பராமரிப்பு மையம், தொழிற்பயிற்சிக் கூடம், சித்தப்பாவின் மளிகைக் கடையில் இரண்டு மணிநேரப் பொட்டலம் மடிக்கும் வேலை என எதுவானாலும், அதை நோயாளியின் வருமானமாகப் பார்க்காமல் இருவரின் மணிக்கணக்காகப் பாருங்கள். காலை பத்து முதல் நான்கு வரை ஐந்து நாள் என்றால் வாரத்தில் 30 மணி நேரம் விடுபடுகிறது. டாக்டர் சாரதா மேனன் 1984இல் சென்னையில் தொடங்கிய ஸ்கார்ஃப் போன்ற அமைப்புகள் இத்தகைய மையங்களை நடத்துகின்றன. சென்னைக்கு வெளியே அவை எளிதில் கிடைப்பதில்லை என்பது பெரிய குறை. மையம் இல்லாத ஊரில் அம்மா வெளியே போகலாம். சுய உதவிக் குழுக் கூட்டம், நூறு நாள் வேலை, கோயில் உழவாரப்பணி, எதுவும் சரிதான். ‘புள்ளைய விட்டுட்டு ஊர் சுத்துறா’ என்று சொல்லும் அண்டை வீட்டாரிடம், மருத்துவர் சொல்லித்தான் போகிறேன் என்று தாராளமாகச் சொல்லலாம். சொல்லும் மருத்துவர்கள் இருக்கிறார்கள்.

பேச ஆள் வேண்டும். தங்கையின் கல்யாணம் தடைப்படும் என்று நோயை மறைக்கும் வீடு, துணைக்கு வரக்கூடியவர்களையும் சேர்த்து மறைத்துவிடுகிறது. ஒரே ஒரு உறவினரிடமாவது சொல்லிவைப்பது அவசியம். 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் எந்நேரமும் தமிழிலேயே அழைக்கலாம். நோயாளிதான் பேச வேண்டும் என்றில்லை, பராமரிப்பவர் தமக்காகவும் அழைக்கலாம். மாவட்ட மனநலத் திட்டத்தின் கீழ் அரசு மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இயங்குகிறது. அம்மாவுக்கே இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமும் பசியும் போய், வாழ்வது வீண் என்ற எண்ணம் வருமானால், அவரும் அங்கே சீட்டு வாங்க வேண்டியவர்தான்.

பராமரிப்பவரின் எல்லையைச் சமூகம் கணக்கில் எடுக்காவிட்டால் என்னவாகும் என்பதற்கு ஏர்வாடி சாட்சி. 2001 ஆகஸ்ட் 6 அதிகாலை, ராமநாதபுரம் மாவட்டத்தில் தனியார் விடுதிக் கொட்டகையில் பற்றிய தீயில், சங்கிலியில் கட்டிவைக்கப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் இறந்தார்கள். அவர்களை அங்கே விட்டுச்சென்ற குடும்பங்களை அப்போது நாடே திட்டியது. அங்கே கொண்டுவருவதற்கு முன் அந்தக் குடும்பங்கள் எத்தனை ஆண்டு, எத்தனை மருத்துவமனை, எத்தனை இரவு பார்த்திருக்கும் என்று கேட்டவர்கள் மிகச் சிலர். சங்கிலியைச் சட்டம் இன்று தடை செய்கிறது. சங்கிலி வரை கொண்டுவிட்ட களைப்பை எந்தச் சட்டமும் தொடவில்லை.

வயதான பெற்றோர் எல்லோரும் கடைசியில் வந்து நிற்பது ஒரே கேள்வியில்தான்: “எனக்கு அப்புறம் யாரு?” இதற்கு எந்த மூச்சுப்பயிற்சியும் பதில் ஆகாது. காகிதங்கள் ஓரளவு ஆகும். 1999ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டம் அறிவுத்திறன் குறைபாடு, ஆட்டிசம், மூளை முடக்குவாதம் போன்றவற்றுக்குப் பாதுகாவலர் நியமிக்க எளிய வழி தந்தது. மனநோய் அதில் இல்லை. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் மனநோயையும் மாற்றுத்திறன் வகைகளில் ஒன்றாகக் கொள்கிறது. 40 விழுக்காடும் அதற்கு மேலும் என்று சான்று கிடைத்தால் பல சலுகைகளுக்கு வழி திறக்கும். 2017ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, தன் சார்பில் பேச ஒருவரை நோயாளியே நியமித்து எழுதிக்கொடுக்கலாம். தெளிவாக இருக்கும் காலத்தில் அதை எழுதி முடித்துவிடுவது நல்லது. அப்பா அரசு ஊழியராக இருந்தால், மனநோயால் சம்பாதிக்க இயலாத பிள்ளைக்கு ஆயுள் முழுக்கக் குடும்ப ஓய்வூதியம் பெற விதி உண்டு. பெற்றோர் இருவரும் போன பிறகு மகனோ மகளோ அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கி அதை நிரூபிப்பது பெரும்பாடு. உயிரோடு இருக்கும்போதே பணிப்பதிவில் பெயரையும் சான்றையும் ஏற்றிவிட வேண்டும்.

இந்தப் பேச்சில் பெரும்பாலும் இல்லாதவர் அண்ணனோ அக்காவோ. ‘அவங்க குடும்பம் நல்லா இருக்கட்டும், அவங்ககிட்ட எதுக்கு’ என்று பெற்றோர் எதையும் சொல்வதில்லை. ஒருநாள் எல்லாம் மொத்தமாக அவர்கள் தலையில் விழுகிறது, மாத்திரையின் பெயர்கூடத் தெரியாத நிலையில். அவர்களிடம் கேட்க வேண்டியது ‘உன்னோட வெச்சுக்கிறியா’ என்பதல்ல. அதற்குப் பெரும்பாலும் இல்லை என்றே பதில் வரும், வருவதில் நியாயமும் இருக்கலாம். மாதம் ஒருமுறை ஊசிக்குக் கூட்டிப்போவாயா, வங்கிக் கணக்கைப் பார்த்துக்கொள்வாயா, விடுதியில் சேர்க்க நேர்ந்தால் வாரம் ஒருமுறை போய்ப் பார்ப்பாயா என்று துண்டு துண்டாகக் கேட்டால் ஆம் என்பவர்கள் இருக்கிறார்கள். கேட்பதற்கு முன், அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கப் போகும்போது அவரையும் ஒருமுறை கூட்டிக்கொண்டு போக வேண்டும். மருத்துவர் முகம் தெரிய வேண்டும், மருந்துச் சீட்டு எந்தப் பையில் இருக்கிறது என்று தெரிய வேண்டும், நாட்காட்டிக்குப் பின்னால் இருக்கும் தாளில் என்ன எழுதியிருக்கிறது என்று அம்மா அவருக்குப் படித்துக் காட்ட வேண்டும்.